காஞ்சிரங்குளத்தில் இடறிய புள்ளி

காஞ்சிரம் என்றால் எட்டி மரம். காய் கசப்பு, விதை விஷம். எங்கள் ஊர்ப் பெயரில் அந்த மரமும் ஒரு குளமும் சேர்ந்து நிற்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் ஊர் இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்களைப் போன்ற வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம், கணினி இங்கிலீஷ்.

இந்த மூன்றும் ஒரே நாளில் மோதிக்கொண்டதைப் போன மழைக்காலத்தில் பார்த்தேன். டிகிரி படிக்கும் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும் ஒரு சின்ன பைத்தான் புராஜெக்ட். சீனியர் ஒருவன் பென் டிரைவில் கொடுத்தது. காலேஜ் லேபில் லினக்ஸில் ஓடியிருக்கிறது, வீட்டு விண்டோஸில் ஓடவில்லை.

“மாமா, இது ஓடமாட்டேங்கு.”

“என்ன சொல்லுது?”

“என்னமோ சிவப்பா சொல்லுது.”

அந்த ‘என்னமோ’வில்தான் எல்லாத் தவறான நம்பிக்கைகளும் தொடங்குகின்றன.

“சிவப்பா வந்தா கதை முடிஞ்சுது”

திரை நிறைய எழுத்து ஓடியவுடன் ஜன்னலை மூடிவிடுவது நம் பிள்ளைகளுக்குக் கை வந்த பழக்கம். பயத்தில் செய்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த எழுத்துகளில் படிக்க வேண்டியது ஒன்றிரண்டு வரிதான், அது எங்கே இருக்கும் என்பதும் பெரும்பாலும் நிச்சயம்.

பைத்தானில் கடைசி வரி. மேலே உள்ளதெல்லாம் அங்கே வந்து சேர்ந்த வழி. அந்த வழியில் பைத்தானுடைய சொந்தக் கோப்புகளும் வரிசையாக நிற்கும். அவற்றை விட்டுவிட்டு, நம் கோப்பின் பெயர் இருக்கும் வரியைப் பிடிக்க வேண்டும். சி மொழிக் கம்பைலரில் தலைகீழ்: முதல் பிழைதான் பிழை, அடுத்து வரும் நாற்பதும் பெரும்பாலும் அதன் குட்டிகள். ஜாவா புராஜெக்டுகளைக் கட்டும் கிரேடிலில் ‘வாட் வென்ட் ராங்’ என்று ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழே தானே சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை என்பிஎம்மில் இன்ஸ்டால் செய்யும்போது ‘டெப்ரிகேட்டட்’ என்று பத்து வரி வந்தால் அது வெறும் எச்சரிக்கை, வேலை நிற்பதில்லை. அதைப் பார்த்தே லேப்டாப்பை மூடியவர்களை எனக்குத் தெரியும்.

பையனைக் கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தான்: சார்மேப் என்ற கோடெக்கால் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, இடம் 11.

“தமிழ்ல எழுதினாலே கம்ப்யூட்டர் சண்டை பிடிக்கும்”

சீனியர் ஏற்கெனவே போனில் தீர்ப்புச் சொல்லியிருந்தான்: தமிழ்ப் பெயர்களை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றிவிடு, ஓடும். ஓடத்தான் செய்யும். காலில் முள் குத்தினால் காலை எடுத்துவிட்டாலும் வலி நிற்கும்.

நடந்தது இதுதான். யூட்டிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். பட்டியலின் முதல் பெயர் எங்கள் ஊர். க, துணைக்கால், ஞ, அதன் தலையில் புள்ளி. நான்கு குறி, பன்னிரண்டு பைட். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் பன்னிரண்டாவது பைட்டுக்கு இடம் 11. அங்கே நிற்பது புள்ளியின் கடைசி பைட், அதன் எண் 8டி. கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று நாம் சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் அதைப் பழைய 1252 என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணையை வைத்துப் படிக்கப் பார்க்கும். அந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் காலி. அவற்றில் ஒன்று 8டி. நிரல் இடறி விழுந்தது ஞகரத்தின் தலையில் இருந்த புள்ளியில்.

உகரக் குறியின் கடைசி பைட் 81. அதுவும் காலிக் கட்டம். ‘இமயமலை’ என்று எழுதிப் பாருங்கள், புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. பிழையே வராது. பதிலாக, தலையில் சாய்கோடு வைத்த இங்கிலீஷ் ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’உம் கலந்த குப்பை வரும். அது இன்னும் மோசம். பிழை காட்டிய நிரல் நேர்மையாக நின்றுவிட்டது, குப்பை காட்டியது தெரியாத மாதிரி மேலே நடந்துபோகும்.

நான் ரசித்த இடம் அடுத்தது. அதே ஊர்ப் பெயரை மலையாளத்தில் எழுதச் சொன்னேன். அங்கே காஞ்ஞிரம்குளம். க, துணைக்கால், ஞ, சந்திரக்கலை. ஓட்டினால் அதே பிழை, அதே 8டி, அதே இடம் 11. இந்திய மொழிகளுக்காக உருவான இஸ்கி குறியீட்டு வரிசையை யூனிகோடு பின்பற்றியதால், தமிழ்ப் புள்ளியும் மலையாளச் சந்திரக்கலையும் தங்கள் தங்கள் கட்டத்தில் ஒரே ஸ்தானத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கணினி கேட்கவில்லை.

மருந்து ஒரு சொல்தான்: கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங் யூட்டிஎஃப்-8 என்று சேர்ப்பது. லேபில் ஏன் ஓடியது? லினக்ஸில் அதுவே இயல்பு. சீனியருக்கு அதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

“லினக்ஸ்ல படிச்சதுதான் வம்பு”

இதை அக்கா சொன்னாள். கேரளத்துப் பள்ளிக்கூடக் கணினிகளில் லினக்ஸ் வந்து வெகுகாலம் ஆகிறது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்ற நிறுவனமாயிற்று, 2018 முதல் லிட்டில் கைட்ஸ் மன்றங்களும் நடக்கின்றன. பள்ளியில் லினக்ஸ், வீட்டில் விண்டோஸ் என்று இரண்டையும் தொட்ட பிள்ளைக்கு, ஒரே நிரல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடப்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு. இன்னொருவர் எழுதிய புராஜெக்ட் நம்மிடம் ஓடாதபோது ஆராய வேண்டியது இதைத்தான்: அவர் கணினியில் இருந்து, நம் கணினியில் இல்லாதது எது? நம் மூளையைப் பற்றிய சந்தேகத்தைக் கொஞ்சம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

“இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனா இல்லைங்குது”

என்கோடிங் சரியானதும் அடுத்த பிழை. எழுத்துகளைப் பிரித்து எண்ண ஓப்பன்-டமில் என்ற நூலகம் வேண்டும். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி வைத்தது. பையன் அதை நிறுவியாயிற்று. நிரல் ‘டமில்’ என்ற மாடியூல் இல்லை என்கிறது. உடனே அவன் ‘டமில்’ என்ற பெயரிலேயே எதையாவது நிறுவப் போனான். கையைப் பிடித்தேன்.

நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கடையில் ஓப்பன்-டமில், வீட்டில் டமில். படங்களைக் கையாளும் பில்லோவை பிஐஎல் என்று அழைக்க வேண்டும், ஓப்பன்சிவி-பைத்தானுக்கு சிவி2. தோன்றிய பெயரை அடித்து நிறுவுவது ஆபத்தும்கூட. கை தவறி அடிக்கும் பெயர்களில் கெட்ட பொதிகளை வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

அவன் விஷயத்தில் பெயர் சரிதான். காரணம் வேறு: லேப்டாப்பில் இரண்டு பைத்தான். ஒன்றில் நிறுவிவிட்டு மற்றொன்றில் ஓட்டியிருக்கிறான். வெறும் பிப் என்று அடிக்காமல், ‘பைத்தான் ஹைஃபன் எம் பிப்’ என்று அடித்தால், எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்கே பொதி போய்ச் சேரும். புராஜெக்டுக்கென்று வென்வ் என்ற தனிப் பைத்தான் சூழல் ஒன்றை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. மாமியார் சமையலும் மருமகள் சமையலும் ஒரே அடுப்பில் நடக்க வேண்டாம் என்கிற அளவுதான் விஷயம்.

“புதுசா போட்டா எல்லாம் சரியாகும்”

போன் விஷயத்தில் சரி. புராஜெக்ட் விஷயத்தில் பாதிப் பிழைகள் புதுசால் வருபவை. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், 2021 அக்டோபரில் வந்த தன் 17-ஆம் பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐக் கொண்டுவந்தது. பழைய வெப்பேக் பயன்படுத்திய எம்டி4 என்ற பழங்கால முறை அதில் மூடப்பட்டிருந்ததால், ‘டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ்’ என்ற விசித்திரமான பிழையோடு எத்தனையோ ரியாக்ட் புராஜெக்டுகள் நின்றன. 2023 அக்டோபரில் பைத்தான் 3.12 டிஸ்ட்யூட்டில்ஸைத் தூக்கி எறிந்ததும் பழைய பொதிகள் பல நிறுவ முடியாமல் போயின.

ஜாவாவில் இதற்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. ‘மேஜர் வெர்ஷன் 65’ என்று பிழை வந்தால் 44-ஐக் கழியுங்கள், 21. ஜாவா 21-க்கான கோப்பைப் பழைய கருவி ஒன்று படிக்கப் பார்த்துத் திணறுகிறது என்று அர்த்தம். 61 என்றால் 17, 52 என்றால் 8. ஜாவா 21-இல் கிரேடில் ஓட வேண்டுமானால் கிரேடில் 8.5-ஆவது வேண்டும். இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றே பல மாலைப்பொழுதுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஆகவே, புராஜெக்டோடு வரும் லாக் ஃபைலை அழிக்காதீர்கள். எந்தப் பதிப்போடு ஓடியது என்று முன்னே போனவர் எழுதி வைத்த குறிப்பு அது. நோட் புராஜெக்டில் ‘என்பிஎம் சிஐ’ என்று அடித்தால் அந்தக் குறிப்பில் உள்ளதையே கொண்டுவரும். நோட் மாடியூல்ஸை அழித்துவிட்டு மறுபடி இறக்குவது சில சமயம் உதவும், இல்லை என்று சொல்லமாட்டேன். போன் ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீரும் முன் ஒருமுறை பிழையைப் படித்துவிட்டுச் செய்யலாம்.

“அட்மினா ஓட்டு, சூடோ போடு”

அனுமதி இல்லை என்று சொன்னவுடன் எல்லாரும் கொடுக்கும் வைத்தியம் இது. மூலக் கோப்பிலிருந்து ஓடும் நிரலைக் கட்டும் பில்ட் என்பது வெறும் கோப்பு மாற்றும் வேலை என்று நினைப்பதால் வருகிறது. பொதி நிறுவும்போதே யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் நம் கணினியில் ஓடலாம். முழு அதிகாரம் தரும் சூடோவைப் போட்டால் வீட்டுச் சாவியோடு சேர்த்துப் பெட்டகச் சாவியையும் அதனிடம் கொடுக்கிறோம்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு பிடிபட்டது. ஒளித்து வைத்திருந்த முக்கியமான துண்டு, வெளியீட்டுத் தொகுப்பின் பில்ட் ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தது. எல்லாரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் அது இல்லை. எஸ்எஸ்எச்சில் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிக் கண்டுபிடித்தார். அரை வினாடியைக்கூட ‘சரி, போகட்டும்’ என்று விடாத மனுஷர்.

“பெரிய ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது”

1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் விதியைத் திட்டிக்கொண்டே வந்தார். யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர். பிழையைத் திருத்திவிட்டு, அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்து, சரியான நிரலில் ஒரு காலை முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். அந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் மேக். இன்றைய பில்ட் கருவிகளுக்கெல்லாம் பாட்டி. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் வைத்தால் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று விழும். அதை மாற்ற ஃபெல்ட்மேனுக்கும் ஆசை வந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. அந்தப் பத்துப் பேருக்காக ஐம்பது வருடமாக உலகம் டேப் அடிக்கிறது. 2003-இல் மேக்குக்காக ஃபெல்ட்மேனுக்கு ஏசிஎம் விருது கிடைத்தது.

2016 மார்ச் 22-இல் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரிப் பொதியை அதை எழுதியவர் நீக்கியபோது, உலகெங்கும் ஆயிரக்கணக்கான பில்டுகள் நின்றன. அன்று விழித்தவர்கள் எல்லாம் அனுபவசாலிகள்தான்.

பையனின் நிரல் சாயங்காலம் ஓடியது. காஞ்சிரங்குளம்: 8 எழுத்து. அவனுக்குச் சந்தேகம், பைத்தானின் சொந்த லென் 14 என்றது. பைட் கணக்கில் 42. கா, ஞ், சி, ர, ங், கு, ள, ம் என்று விரல் விட்டு எண்ணினான். மூன்று எண்ணும் சரிதான் மக்களே, நீ எதை எண்ணக் கேட்டாய் என்பதைப் பொறுத்தது என்றேன்.

மறுநாள் மலையாளப் பெயர்களுக்கும் ஒரு கோப்புச் சேர்த்துக்கொண்டு காலேஜ் லேபுக்குப் போனவன் பதினோரு மணிக்குப் போன் செய்தான்.

“மாமா, இப்ப வீட்ல ஓடுது, இங்க ஓடமாட்டேங்கு.”

“கடைசி வரி?”

“படிச்சாச்சு. கோப்பு இல்லைன்னு சொல்லுது. கோப்புப் பேர்ல நான் முதல் எழுத்தைக் கேப்பிட்டலா வச்சிருக்கேன், கோடுல ஸ்மால் லெட்டர். விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கும், லினக்ஸ் எடுத்துக்காது. அதான்.”

“அப்புறம் எதுக்கு மக்களே எனக்குப் போன்?”

“சும்மா சொன்னேன் மாமா.”