பிள்ளையின் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானத்தைக் காட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை பக்கம் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் வருமானச் சான்றிதழுக்குக் கூட்டம் நெரியும். கணினி முன் இருக்கும் தம்பி, "ஏனுங்க, வருமானம் எவ்வளவுங்க போடறது?" என்பார். நாம் யோசிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர், "எழுபத்திரெண்டாயிரம் போடுப்பா" என்று சொல்லிவிடுவார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன்பு இருந்த வருமான வரம்பு அது. அந்த வரம்பே 1,20,000 ஆக உயர்ந்துவிட்டது. உங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத எண்ணில் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மையான கணக்கிலேயே பல குடும்பங்கள் வரம்புக்குள் வந்துவிடுகின்றன.

எந்த உதவிக்கு என்ன வரம்பு?

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு வரம்பு 4,50,000. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்வு செய்யப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கு, 8,00,000 வரை வருமானமுள்ள குடும்பத்துக்கும் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

மையத்துக்குப் போகும் முன் அப்பா, அம்மா இருவரின் ஓராண்டு வருமானத்தையும் வழிவாரியாகத் தாளில் எழுதுங்கள். ஓர் உதாரணம்: அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வாரக்கூலி 3,500, நோம்பி, மின்தடை, பாவு இல்லாத நாள் போக 46 வாரம் வேலை. ஆக 1,61,000. அம்மா தார் சுற்றி ஆண்டுக்கு 40,000 சம்பாதிக்கிறார். ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்கு 80,000 ரூபாய்க்குப் போனது. உழவு, கரணை, உரம், வெட்டுக்கூலி 45,000. நின்றது 35,000. மொத்தம் 2,36,000.

இதே வீட்டில் கிழங்கு விற்ற தொகையை அப்படியே சேர்த்திருந்தால் 2,81,000 ஆகியிருக்கும்; பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்காமல் போயிருக்கும். விற்ற பணம் வேறு, வருமானம் வேறு. இந்த இடத்தில்தான் நம் பக்கத்து விவசாயிகளும் கோழிப்பண்ணைக்காரர்களும் அதிகம் தவறுகிறார்கள். செலவு ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கடன்தான். அதைச் சேர்க்க வேண்டாம். ஆனால் முன்பணத்துக்காகக் கூலியில் பிடிக்கிறார்கள் என்றால், பிடிப்பதற்கு முந்தைய கூலியையே எழுத வேண்டும்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே, அதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய அரசின் ஓபிசி சான்றிதழுக்குக் கிரீமிலேயர் பார்க்கும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. அந்த விதியை இங்கே கொண்டுவராதீர்கள். உதவித்தொகைக்கு எல்லா வழி வருமானமும் கணக்கில் வரும்.

லாரி, ரிக் வண்டி வைத்திருப்போருக்கு

வாடகையாக வந்ததில் டீசல், டயர், சம்பளம், சுங்கம் போக நின்றதே வருமானம். பத்து வண்டிக்கு மேல் இல்லாத சரக்கு வண்டி உரிமையாளர், வருமான வரிச் சட்டம் 1961-இன் 44ஏஇ பிரிவில் கணக்குக் காட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 12 டன்னைத் தாண்டிய மொத்த எடையுள்ள வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்பது அந்தப் பிரிவின் கணக்கு. 28 டன் வண்டி ஆண்டு முழுக்கக் கையில் இருந்தால் 3,36,000. கல்விக் கடனுக்காக வங்கியில் அந்த வரிக் கணக்கையும் 72,000 என்ற சான்றிதழையும் ஒன்றாக நீட்டினால் மேலாளர் என்ன நினைப்பார்? 3,36,000 என்றே சொன்னாலும் வட்டி மானியத்தின் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்.

விண்ணப்பம்

ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், சம்பளச் சீட்டு இருந்தால் அது, ஆதாருடன் இணைத்த கைபேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முதலில் குடிமக்கள் கணக்கு எண் பெற வேண்டும். பிறகு ஆர்இவி-103 என்ற வருமானச் சான்றிதழ் சேவை. கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். விசாரணைக்கு வரச் சொன்னால் கணக்கெழுதிய தாளோடு போங்கள். கேட்டவுடன் பதில் சொல்ல அது கைகொடுக்கும்.

சுய உறுதிமொழியில் கையெழுத்திடும் முன் தொகையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு சுழி கூடினாலும் குறைந்தாலும் தொல்லைதான். தந்தை பெயரும் இனிஷியலும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும்.

சான்றிதழ் வந்த பிறகு

கல்லூரி விண்ணப்பத்தில் சான்றிதழ் எண்ணைப் பிழையின்றிக் கொடுங்கள். பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு, குறையைச் சரிசெய்து மறுபடி போடலாம். பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.