வேலைக்குப் புதியவருக்கு வழிகாட்டி: போனிலா, வீடியோவிலா, நேரிலா?

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் கேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே நுழையப் போகிறோம். சிலர் நேரடியாக வேலைக்கு, சிலர் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தை 1973இல் திருத்தி, பட்டயம் படித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். அதனால்தான் நமக்கு இந்தப் பயிற்சி வாய்ப்பு. சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியத்தைப் பற்றி சீனியர் அண்ணன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சித்தாள் வேலையில் தொடங்கி இப்போது கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "வெர்னியரில் ஒரு ரீடிங், மைக்ரோமீட்டரில் ஒரு ரீடிங் வருதுப்பா, எதை நம்புறது?" என்று நான் வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. படித்த குடும்பத்துப் பையனுக்கு மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார். நமக்கு வேலை செய்யும் இடத்தில் கிடைக்கிற வழிகாட்டிதான் மாமா, சித்தப்பா எல்லாம்.

அந்த வழிகாட்டலை இப்போது பல கம்பெனிகள் போன் மூலமும் கம்ப்யூட்டர் மூலமும் கொடுக்கின்றன. 2020இல் கொரோனா வந்தபின் இது இன்னும் பரவிவிட்டது. எதை எந்த வழியில் கொடுத்தால் புதியவருக்குப் பலன் கிடைக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிகாட்டி என்பவர் யார்?

ஆங்கிலத்தில் 'மென்டர்' என்கிறார்கள். இது கிரேக்கக் கவி ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர். போருக்குப் போகும் அரசன் தன் வீட்டையும் மகனையும் பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்துவிட்டுப் போன நண்பர் அவர்.

சூப்பர்வைசர் வேலையை வாங்குபவர். பயிற்சியாளர் வேலையைக் கற்றுத் தருபவர். வழிகாட்டி இந்த இரண்டும் அல்ல. கேத்தி கிராம் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1985இல் எழுதிய நூலில் வழிகாட்டியின் பணியை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, தொழிலில் மேலே வர உதவுவது. மற்றொன்று, மனத்துக்குத் துணையாக இருப்பது. "முதல் மாசம் எனக்கும் கை நடுங்குச்சு தம்பி" என்று ஒருவர் சொன்னால் அது இரண்டாவது வகை. பாடப்புத்தகத்தில் இல்லாதது அதுதான்.

வழிகள் எத்தனை?

1. இருவர் மட்டும் பேசும் போன்: செலவு குறைவு, சாதாரண பட்டன் போனே போதும். குரலில் தயக்கம் தெரியும். ஆனால் பொருளைக் காட்ட முடியாது.

2. வீடியோ அழைப்பு: முகமும் தெரியும், பொருளையும் காட்டலாம். நல்ல சிக்னலும் டேட்டாவும் வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தனியாகப் பேச இடமும் வேண்டும்.

3. எழுத்துச் செய்தி, குரல் பதிவு: ஷிப்ட் வேறாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. இரவு கேட்டதற்குக் காலையில் பதில் வரும். திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அவசரத்துக்கு உதவாது.

4. குழு: வாட்ஸ்அப் குழு போல. ஒருவர் கேட்டால் இருபது பேர் தெரிந்துகொள்வார்கள். அந்த இருபது பேர் முன்னால் 'இதுகூடத் தெரியாதா' என்று ஆகிவிடுமோ என்ற கூச்சத்தில், கேட்க வேண்டியவன் கேட்காமலே இருந்துவிடுவான்.

5. பதிவு செய்த வீடியோப் பாடங்கள்: எப்போதும் கிடைக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஆனால் வீடியோ நம்மைப் பார்த்து, "உனக்கு எங்கே புரியலை?" என்று கேட்காது.

என் பெரியம்மா மகன் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். வீடியோ பார்க்க வேண்டும், கேள்விக்குப் பதில் அழுத்த வேண்டும், மதிப்பெண் வரும். "இதுதான் உனக்கு மென்டர்" என்றார்களாம். அண்ணன் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கினார். மூன்றாம் மாதம் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மெஷினைப் பத்தி எல்லாம் சொல்லுச்சு தம்பி. தப்பாப் போச்சுன்னா யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு மட்டும் சொல்லலை" என்றார். ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய மாதச் சம்பளம் நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

ஜெராக்ஸ் கற்றுத் தந்த பாடம்

ஜெராக்ஸ் கம்பெனியில் நகல் இயந்திரம் பழுது பார்க்கும் டெக்னீஷியன்களோடு ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் ஆய்வாளர் கூடவே சுற்றினார். 1996இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கண்டது என்னவென்றால், கம்பெனி கொடுத்த கையேட்டில் இல்லாத பழுதுகளை டெக்னீஷியன்கள் ஒருவருக்கொருவர் அனுபவக் கதை சொல்லித்தான் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரத்து அரட்டை என்று மேலதிகாரிகள் நினைக்கக்கூடிய பேச்சில்தான் தொழிலே கைமாறிக்கொண்டிருந்தது.

பேச்சை நிறுத்தாமல், அவர்களுக்கு இருவழி ரேடியோ கொடுத்துப் பார்த்தார்கள். வேறு வேறு இடத்தில் வேலை செய்துகொண்டே பேசிக்கொள்ள முடிந்தது. பிறகு 1990களில் 'யுரேகா' என்ற முறை வந்தது. டெக்னீஷியன் கண்டுபிடித்த குறிப்பை அவரே எழுதுவார், அனுபவசாலிகள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். முதலில் பிரான்ஸ் நாட்டில்தான் இது நடைமுறைக்கு வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ரேடியோவும் யுரேகாவும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதே. பழுது என்னவென்றே தெரியாதபோது பேச்சு. விடை தெரிந்தபின் அது எழுத்து.

தேர்ந்தெடுப்பது எப்படி?

1980களில் டாஃப்ட், லெங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன கருத்து இங்கே பயன்படும். விஷயம் தெளிவாக இருந்தால் எழுத்து போதும். விஷயமே குழப்பமாக இருந்தால், உடனுக்குடன் திருப்பிக் கேட்கக்கூடிய, முகமும் குரலும் தெரியக்கூடிய வழி வேண்டும். நேரில் பேசுவதுதான் இதில் முதலிடம்.

நம் துறையிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். சி.என்.சி. லேத்தில் 25.00 மி.மீ. விட்டம் வரவேண்டிய ஜாப் 25.02 வருகிறது. புதியவர் செய்தி அனுப்புகிறார். வழிகாட்டி "ஆஃப்செட்டில் 0.02 குறை" என்று பதில் போடுகிறார். கூட்டக்கூடாது, கூட்டினால் அடுத்த ஜாப் 25.04 ஆகிவிடும். இது தெளிவான விஷயம், செய்தியே போதும் என்று தோன்றும்.

ஆனால் அந்த ஜாப்பைச் சூட்டோடு அளந்திருந்தால்? 25 மி.மீ. எஃகு, 40 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.012 மி.மீ. பெரிதாகக் காட்டும். மைக்ரோமீட்டரின் முகத்தில் பிசிர் ஒட்டியிருந்தால்? டூல் தேய்ந்திருந்தால்? சூட்டோடு அளந்ததை நம்பி 0.02 குறைத்தால் ஆறியபின் ஜாப் சிறுத்துப் போகும், பிறகு குப்பைதான். நல்ல வழிகாட்டி பதிலுக்கு முன் கேள்வி கேட்பார்: "எப்ப அளந்த? துடைச்சியா? முதல் ஜாப்லேயே இப்படியா, போகப் போக ஏறுச்சா?" இந்தத் திருப்பிக் கேட்பதற்கு இடம் தராத வழி, வழிகாட்டலுக்கு ஏற்ற வழி அல்ல என்பதே என் கருத்து.

அடுத்தது நாலு படி முறை. 1940 முதல் 1945 வரை போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலை தெரியாத புதியவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கற்றுத் தர ஒரு அரசுத் திட்டம் வந்தது. பிற்காலத்தில் ஜப்பானுக்கும் போய் டொயோட்டா போன்ற கம்பெனிகளில் வேரூன்றியது. அதன் நாலு படிகளையும் இன்றைய வழிகளோடு நான் இப்படிப் பொருத்திப் பார்க்கிறேன்:

முதல் படி, ஆளைத் தயார்ப்படுத்துவது. பயம் போக்குவது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இதற்குப் போன் அல்லது வீடியோ அழைப்பு. குழு கூடாது.

இரண்டாம் படி, செய்து காட்டுவது. இதற்குப் பதிவு செய்த வீடியோ நன்று. நிறுத்தி நிறுத்தி, பத்துத் தடவைகூடப் பார்க்கலாம்.

மூன்றாம் படி, அவரைச் செய்யவிட்டுப் பார்ப்பது. இது நேரில்தான். சக் சாவியை எடுக்காமல் ஸ்பிண்டிலை ஓட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்த நொடியில் கையைப் பிடிக்க, பக்கத்தில் ஆள் வேண்டும்.

நாலாம் படி, விட்டுவிடாமல் தொடர்ந்து விசாரிப்பது. வாரம் ஒரு போன், இடையில் குரல் பதிவு.

இளையவர் கற்றுத் தரலாமா?

தரலாம். 1999இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் தலைவர் ஜாக் வெல்ச், உயர் அதிகாரிகள் சுமார் 500 பேரை, இளம் ஊழியர்களிடம் போய் இன்டர்நெட் கற்றுக்கொள்ளச் சொன்னார். நம்ம ஃபோர்மேன் அண்ணனுக்குக் காதால் கேட்டே பேரிங் பழுது தெரியும். ஆனால் வீடியோ எடுத்து அனுப்பத் திணறுவார். அதை நாம் சொல்லிக் கொடுத்தால், பேரிங்கை அவர் சொல்லிக் கொடுப்பார். ரெண்டு பக்கமும் மரியாதை வரும்.

கவனிக்க வேண்டியவை

• பல தொழிற்சாலைகளில் மெஷின் பக்கம் போன் கொண்டுபோகக்கூடாது. வழிகாட்டல் போனில் என்றால், அதற்கு நேரத்தையும் இடத்தையும் கம்பெனியே ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு மணிநேரம் வேலை பார்த்தவனை ராத்திரி பாடம் பார் என்பது நியாயமல்ல.

• வழிகாட்டியிடம் சொன்னது சூப்பர்வைசர் காதுக்குப் போகக்கூடாது. போனால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாதுகாப்புக்கு ஆபத்தான விஷயம் மட்டும் விதிவிலக்கு; அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

• டிராயிங்கையோ கம்பெனிப் பொருளையோ அனுமதி இல்லாமல் படம் எடுத்து அனுப்பக்கூடாது.

• நம் வகுப்புத் தோழிகள் சொன்னது: சொந்த நம்பரைக் கொடுக்கத் தயக்கம் இருக்கிறது. கம்பெனி நம்பர், கம்பெனி நேரம் என்று வைத்தால் இந்தத் தயக்கம் குறையும். விரும்பினால் பெண் வழிகாட்டியையே கேட்கவும் வழி வேண்டும்.

• ஒரு வழிகாட்டிக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் கொடுத்தால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடும்.

முடிவுரை

ஆக, வீடியோவா போனா நேரா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. காட்ட வேண்டியதைப் பதிவு செய்யலாம். தெளிவானதை எழுதி அனுப்பலாம். குழம்பியதைப் பேசித் தீர்க்க வேண்டும். கை வைக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். எந்தக் கருவி வந்தாலும், "தப்பாப் போச்சு அண்ணே" என்று சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நண்பர்களே! நேர்முகத் தேர்வின் கடைசியில், "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். நாம் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். இனி ஒரு கேள்வி கேட்போம்: "சார், எனக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?" அதோடு இன்னொன்று. இந்த ஆண்டு வேலைக்குப் போகிற நாம், நம் நம்பரை ஜூனியர் தம்பி தங்கைகள் ஓரிருவருக்காவது கொடுத்துவிட்டுப் போவோம். நமக்கு இல்லாத மாமா, சித்தப்பா அவர்களுக்கு நாமாக இருப்போம்.