லேகியம் வாங்குபவனும் பஸ்ஸில் உரசுபவனும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி, திரியாய் வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு ஆண்களை ஏற்றிக்கொள்வோம். கற்பனை ஆட்கள்தான், ஆனால் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒருவனுக்கு இருபது வயது. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டதென்று நம்பி, கடன்பட்டு வாங்கிய லேகியப் போத்தலைப் பையின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். மற்றவனுக்கு நாற்பது. பின்னால் இருக்கை காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கிறான். முதலாமவன் தன்னை வருத்தக்காரன் என்று நினைக்கிறான். இரண்டாமவனைப் பற்றி யாரும் எதுவும் நினைப்பதில்லை. கண்டாலும் "அது அவன்ர சேட்டை" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவார்கள். மருத்துவ ஆய்வுகளைப் படித்தால், நாங்கள் பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டும், சிரித்துவிட்டுப் போக வேண்டிய இடத்தில் பயந்துகொண்டும் இருக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது.

நம்பிக்கை: விந்து போனால் உடம்பு உருகிப்போகும்.

நாற்பது துளி இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து என்ற கணக்கை ஊரில் கேட்காதவர்கள் குறைவு. இதை எங்கள் முன்னோர் மட்டும் கண்டுபிடித்த ஞானம் என்று நினைத்தால் ஒரு செய்தி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் தீசோ, 18ஆம் நூற்றாண்டில் கைப்பழக்கத்தைப் பற்றி எழுதிய நூலில் இதே நாற்பதைத்தான் சொன்னார். ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் இரத்தம் போவதற்குச் சமமாம். ஐரோப்பாவே அதைப் படித்து நூறு வருடத்துக்கு மேல் நடுங்கியது. பிறகு அவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிட்டார்கள். நாங்கள் இன்னும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் ஒரு தடவை வெளியேறுவது ஏறக்குறைய 2 முதல் 5 மில்லிலீற்றர். அதில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறிது. மிச்சமெல்லாம் விந்துப் பைகளிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். வெளியேறினாலும் வெளியேறாவிட்டாலும் உடம்பு அதைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். காலம் முழுதும் சேமித்து வைக்கக் களஞ்சியம் எதுவும் இல்லை. நித்திரையில் தானாகப் போவதும் இயல்புதான்.

ஆனால் பயம் பொய்யல்ல. களைப்பு, நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, படிப்பில் மனம் செல்லாமை என்று இந்த ஆண்கள் சொல்லும் துன்பம் உண்மையானது. இந்திய உளமருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இல் இதற்குத் 'தாத் நோய்க்குறித் தொகுதி' என்று பெயர் வைத்தார். இலங்கையில் பத்மல் டி சில்வாவும் திசாநாயக்காவும் விந்து இழப்பை முறையிட்டு வந்த ஆண்களை ஆராய்ந்து 1989இல் எழுதினார்கள். 1991இல் இதே முறைப்பாட்டை இலங்கையிலும் யப்பானிலும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும் வந்தது. 2004இல் அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன, தினேஷ் புக்ரா மூவரும் பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகையில் இந்தக் கதை முழுவதையும் கோர்த்துத் தந்தார்கள். இதைத் தெற்காசியாவுக்கு மட்டுமான விசித்திரமாகப் பார்ப்பது சரியா என்பது அவர்களுடைய கேள்வி. மேற்கிலும் இது இருந்து போனதுதானே. இப்படி வருபவர்கள் பலரிடம் மருத்துவர்கள் காண்பது பதகளிப்பும் மனச்சோர்வும். அதற்கு வைத்தியம் உண்டு. லேகியத்தில் அது இல்லை.

நம்பிக்கை: எந்நேரமும் அந்த நினைப்பு வந்தால் அது போதை வருத்தம்.

கைத்தொலைபேசி எல்லார் கைக்கும் வந்தபிறகு பிறந்த பயம் இது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை என்ற ஒரு நோய் உண்மையிலேயே பட்டியலில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2019 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் இது போதைப் பழக்கங்களோடு சேர்க்கப்படவில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உளமருத்துவர்களோ 2013இல் தங்கள் கையேட்டைத் திருத்தியபோது, இதைப்போன்ற ஒரு முன்மொழிவைச் சேர்க்காமல் விட்டார்கள். துறைக்குள்ளேயே வாதம் ஓயவில்லை.

நோய் என்று சொல்ல எத்தனை தடவை என்பது அளவுகோல் அல்ல. ஆறு மாதம் அல்லது அதற்கு மேலாக, சாப்பாடு, சுகாதாரம், தொழில், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதுவே வாழ்க்கையின் நடுவில் வந்து குந்தியிருக்க வேண்டும். அல்லது நிறுத்தப் பலமுறை முயன்றும் முடியாமல் போயிருக்க வேண்டும். அல்லது கெடுதல் வந்தும் தொடர வேண்டும், அல்லது அதில் சுகமே இல்லாமல்போன பிறகும் தொடர வேண்டும். இவற்றில் ஒன்றாவது இருந்து, அதனால் வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும், அல்லது மனம் கடுமையாகத் துன்பப்பட வேண்டும். இதற்கெல்லாம் பிறகு அந்த வகைப்பாடு இன்னொரு நிபந்தனையும் போடுகிறது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஒருவர் படும் துன்பம் முழுவதும் "நான் செய்வது பாவம்" என்ற எண்ணத்திலிருந்து மட்டும் வருகிறதென்றால், அவருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்லக்கூடாது. கிழமைக்கு ஒருமுறை ஆபாசப் படம் பார்த்துவிட்டுக் கோயிலில் நின்று அழும் பொடியனுக்கு வேறு ஆறுதல் தேவைப்படலாம். இந்த நோயின் பெயர் அவனுக்குப் பொருந்தாது.

எத்தனை பேருக்கு இது உண்டு? 42 நாடுகளில் 82,243 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2023இல் வந்தது. கிட்டத்தட்ட 5 சதவீதத்தினர் உயர் ஆபத்து நிலையில் இருந்தார்கள். இது கேள்விக்கொத்துக் கணக்கு, வைத்தியர் பார்த்துச் சொன்ன முடிவல்ல.

நம்பிக்கை: இதெல்லாம் ஆம்பிளைகளின் பிரச்சினை.

இல்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல் கணிசமாகத் துன்பப்படுவதாகச் சொன்னவர்கள் ஆண்களில் 10.3 சதவீதம், பெண்களில் 7 சதவீதம். பெண் வாய் திறந்தால் குடும்ப மானம் போகும் என்ற பயம் இருக்கும் இடங்களில் அந்தப் பெண்கள் வைத்தியரிடம் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அடக்கமாக இருந்த பெண் திடீரென்று நித்திரை கொள்ளாமல், ஓயாமல் கதைத்து, காசை வாரி இறைத்து, ஆண்களோடு வரம்பு மீறிப் பழகத் தொடங்கினால், அது இருமுனைக் கோளாறின் எழுச்சிக் கட்டமாக இருக்கலாம். பூசாரியிடம் கொண்டுபோய் வேப்பிலையால் அடித்தால் நாள் வீணாகும். குளிசையால் அடங்கக்கூடிய வருத்தம் அது.

நம்பிக்கை: வயது போன மனுசனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு.

இங்கே நான் கொஞ்சம் நிற்கிறேன். எழுபது வயதுவரை ஒரு சொல் தவறாத அப்பப்பா, திடீரென்று மருமகள் குளிப்பதை எட்டிப் பார்க்கிறார், தாதியின் கையைப் பிடிக்கிறார். வீடே கூனிக்குறுகிப் போகிறது. முதலில் அவருடைய குளிசைப் பையைத் திறந்து பாருங்கள். பார்க்கின்சன் வருத்தத்துக்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைனின் வேலையைச் செய்கின்றன. நடுக்கமும் இறுக்கமும் குறையும். சிலருக்கு அதோடு சூதாட்டம், அளவில்லாத சாப்பாடு, பாலியல் உந்துதல் எல்லாம் கட்டவிழ்ந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். கட்டுப்பாடற்ற பாலியல் நடத்தை 3.5 சதவீதத்தினரிடம் இருந்தது. மருந்தின் அளவை மாற்றினால் பலருக்கு இது தணியும். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் நீங்களே நிறுத்தக்கூடாது, அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். அப்படி மருந்து எதுவும் இல்லையென்றால் மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயையும் நினைக்க வேண்டும். அதில் ஞாபகம் போவதற்கு முன்னமே கூச்சம் போய்விடுவது உண்டு.

நம்பிக்கை: வழமைக்கு மாறான ஆசை எல்லாம் வக்கிரம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1,040 பேரிடம் கேட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் விலகல் என்று பாடப்புத்தகம் சொல்லும் ஆசைகளில் ஒன்றாவது தங்களுக்கு உண்டென்று ஏறக்குறைய பாதிப்பேர் சொன்னார்கள். பாதி ஊருக்கு இருப்பதை அபூர்வம் என்று சொல்ல முடியுமா? உலக சுகாதார நிறுவனம் இந்தப் பட்டியலையும் சுருக்கிவிட்டது. ஒரு பொருளின்மீது வரும் கவர்ச்சி, எதிர்ப்பாலாரின் உடையை அணிவதில் வரும் கிளர்ச்சி போன்றவை இப்போது தனி நோய்களாக இல்லை. ஒருபாலீர்ப்பை 1990இலேயே எடுத்துவிட்டார்கள். ஒருபாலுறவு இன்னும் குற்றமாக இருப்பது 1883ஆம் ஆண்டின் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில்தான். நோய்ப் பட்டியலில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சம்மதம் தராத, அல்லது சம்மதம் தர முடியாத இன்னொருவரைச் சம்பந்தப்படுத்தும் ஆசைகள். ஒளிந்து பார்ப்பது, பிறருக்கு முன் ஆடை விலக்கிக் காட்டுவது, சிறுவரை நாடுவது, வற்புறுத்தி வதைப்பது, கூட்டத்தில் உரசுவது.

நம்பிக்கை: பஸ்ஸில் உரசுவது சின்ன விசயம்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பெண்களிலும் சிறுமிகளிலும் 90 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு தடவையாவது பஸ்ஸிலோ ரெயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார்கள். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் கிடப்பதுதான் எங்கள் மௌனம்.

இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாதவரை நெரிசலில் உரசுவதில்தான் ஒருவருக்கு விடாப்பிடியான, கடுமையான கிளர்ச்சி என்றால், அதன்படி அவர் நடந்துமிருந்தால், அது நோய். அப்படி எதுவும் இல்லாமல், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவில் கை வைக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். பாலியல் குற்றம் செய்கிறவர்களில் பலருக்கு இந்த நோய்களில் எதுவும் கிடையாது என்பதை நோய் வகைப்பாடே எச்சரிக்கிறது. மூன்றாவது, இரண்டு பேருக்கும் சட்டம் ஒன்றுதான். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. "அவனுக்கு மனவருத்தம்" என்று சொல்லிப் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவதற்கு மருத்துவத்தில் ஆதாரம் தேட வேண்டாம். வைத்தியம் தண்டனையோடு சேர்ந்தே நடக்கலாம்.

நம்பிக்கை: ஒரு கலியாணத்தைக் கட்டி வைத்தால் சரிவரும்.

யாருக்குச் சரிவரும்? கட்டுப்படுத்த முடியாத உந்துதலும், சம்மதமில்லாதவரை நாடும் ஆசையும் தாலியைக் கண்டு கலைவதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. மாப்பிள்ளையின் தாய் நிம்மதியாக இருப்பார், பெண் மாட்டிக்கொள்வாள். இதைப்பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

நம்பிக்கை: சிறுவர்மீது ஆசை வருகிறவனுக்கு மருந்தே இல்லை, வெட்டிவிட வேண்டும்.

ஆசையும் குற்றமும் எப்போதும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. சிறுவரைத் துஷ்பிரயோகம் செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கே அந்த நோய் இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த ஆசை இருந்தும் எந்தப் பிள்ளையையும் தொடாமல், யாரிடமும் சொல்லாமல் நடுங்கி வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனை அவர்களுக்காகவே 2005இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குற்றம் நடக்கும்வரை காத்திருக்காமல், தாங்களாக வருகிறவர்களுக்கு இரகசியம் காத்துச் சிகிச்சை கொடுப்பது அதன் வழி. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், அந்த நோயுள்ள, தாங்களாக உதவி தேடி வந்த 52 ஆண்களில் பாதிப்பேருக்கு டெஸ்டஸ்டரோனை வற்றச்செய்யும் டெகரெலிக்ஸ் ஊசி ஒரு தடவை போட்டார்கள். வெற்றூசி போட்டவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு கிழமையில் ஆபத்தின் அளவு குறைந்திருந்தது. 2020இல் வந்த முடிவு இது. பக்கவிளைவு இல்லாத மருந்தல்ல, கண்காணிப்பு வேண்டும். வெட்டச் சொல்லிக் கத்துவதால் ஒரு பிள்ளையும் காப்பாற்றப்படுவதில்லை, அந்த ஆள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வதுதான் நடக்கிறது. பிள்ளைக்கு ஏதும் நடந்ததென்று தெரிந்தால் வேறு யோசனை வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929.

கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக்கு ஊசிவரை போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அதே கரோலின்ஸ்காவில் 137 ஆண்கள் பங்குபற்றிய ஆய்வில், ஒரு பகுதியினரைக் குழுவாக உட்கார்த்தி, எந்த நேரத்தில், எந்த மனநிலையில் உந்துதல் எழுகிறது, அப்போது வேறென்ன செய்யலாம் என்று பயிற்றும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகள் குறைந்தன. 2019இல் அது வெளியானது.

திரியாயிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தைவிட, மனநலக் கிளினிக் வாங்கில் ஊர்க்காரர் யாராவது கண்டுவிடுவார்களோ என்பதுதான் பெரிய தூரம். கண்டால் கண்டுபோகட்டும், அவரும் அங்கேதானே குந்தியிருக்கிறார். நேரில் போக மனமில்லாதவர்களுக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கிளினிக்குக்குப் போகிறவர்கள் துண்டு எடுக்கும் இடத்தில் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "நித்திரை இல்லை, மனம் சரியில்லை" என்றால் போதும், மிச்சத்தை வைத்தியரின் அறைக்குள் சொல்லலாம். பாவிக்கும் குளிசைகளை மட்டைகளோடு கொண்டு போங்கள், லேகியப் போத்தல் உட்பட.