ஆக்சிமீட்டரின் இரண்டாவது எண்

2020-இல் தாராவியில் கொரோனா பரவியபோது வீடு வீடாக வந்தவர்கள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் அளவு 95-க்கு மேல் என்றால் எல்லாருக்கும் நிம்மதி. அதே திரையில் ஓடிய இன்னோர் எண்ணை, நாடித்துடிப்பை, யாரும் கண்டுகொள்ளவில்லை. துடிக்கிற ரத்தத்தைத் தனியே பிரித்தறிந்துதான் அந்தக் கருவி ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது; அதனால் நாடிக் கணக்கு நமக்கு இலவச இணைப்பு. 1970-களில் இந்த வழியைக் கண்டறிந்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி, கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் காலமானார்.

இப்போது அது பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. நாடி பார்க்கப் பேட்டரி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அதைக் குழப்பும். கருவி இல்லாவிட்டாலும் குறையில்லை. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வைத்தால் போதும். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அதற்கே ஒரு துடிப்பு உண்டு. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கலாம்.

எப்போது அளக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் தாராவிப் பக்கம் பல வீடுகளில் கீழே ஓர் அறை, செங்குத்தான இரும்பு ஏணி, மேலே ஓர் அறை. தொண்ணூறு அடி ரோட்டில் தையல் வேலை பார்க்கும் பையன் ஒருவன் பதறிப்போய் வந்தான்: “அண்ணாச்சி, நூத்தி நாலு காட்டுது!” ஏணி ஏறி இறங்கி, கட்டிங் சாயும் குடித்துவிட்டு அளந்திருக்கிறான். “தூங்கி எழுந்ததும் படுத்தபடியே பாருடே” என்றேன். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு அது மதியம் இரண்டு மணியாகவும் இருக்கலாம். மறுநாள் அவனுக்கு 76.

பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்கிறது மருத்துவம். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றித் தினமும் ஓடுகிறவர்களுக்கு 50-க்குக் கீழேகூட இருக்கலாம். அத்தனை அகலமான வரம்பை வைத்துக்கொண்டு ஒருவர் தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்வது? எனக்குப் பயன்பட்டது என்னுடைய வழக்கமான எண்தான். காலண்டர் ஓரத்தில் குறித்து வைப்பேன். 70-ஐ ஒட்டியே இருப்பது, மழைக்காலத்தில் ஒரு காலை 86 ஆனது, சாயங்காலம் காய்ச்சல். உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு ஏறக்குறைய 10 கூடும். டைஃபாய்டில் சிலருக்கு அந்த அளவுக்கு ஏறாது, ஆகவே நாடியை மட்டும் நம்பிக் காய்ச்சலை எடைபோடக் கூடாது. மே மாதத் தகரக் கூரைப் புழுக்கத்தில் தண்ணீர் குறைந்தாலும் எண் ஏறும். ரத்தசோகை, தைராய்டு மிகையாகச் சுரப்பது, சரியான தூக்கம் இல்லாதது, இவையும் ஏற்றும். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இறங்கும்; அதைப் பார்த்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஓய்வில் இருக்கும்போதே 100-க்கு மேல் நின்றாலோ, துடிப்பு தாறுமாறாக விட்டுவிட்டு வந்தாலோ, முழு நிமிடமும் எண்ணிக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் எண்ணிக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.