வெல்டிங்கில் ஒளிந்திருக்கும் வாயு

கனமான எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்கிறார்கள். இணைப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் விரிசல்! ஏன்?

ஈரம்தான் முக்கியக் காரணம். வெல்டிங் ராடின் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தகட்டில் துருவும் எண்ணெயும் இருக்கும். வெல்டிங் சூட்டில் இவற்றிலிருந்து ஹைட்ரஜன் வாயு பிரியும். உருகிய எஃகில் கலந்துவிடும். எஃகு சீக்கிரம் ஆறினால் வாயு உள்ளேயே தங்கிவிடும். பிறகு விரிசல் உண்டாக்கும். கிரேனில் இப்படி விரிசல் விழுந்தால் கீழே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

தடுப்பது எப்படி?

1. தகட்டிலுள்ள துரு, எண்ணெய், பெயின்ட் ஆகியவற்றை நீக்க வேண்டும்.
2. ஹைட்ரஜன் குறைந்த ராடுகளை ஓவனில் காய வைக்க வேண்டும். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று ராடு பெட்டியில் எழுதியிருக்கும். அந்த எண்களைப் படித்துப் பாருங்கள்.
3. வெல்டிங்குக்கு முன் தகட்டைச் சூடாக்க வேண்டும்.
4. வெல்டிங் முடிந்ததும் ஆற விடக் கூடாது. பொதுவாக 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். பிறகு மூடி வைத்து மெல்ல ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

யோசியுங்கள்: இப்படிப்பட்ட வெல்டிங்கை முடித்த உடனே சோதித்தால் போதுமா? 48 மணி நேரம் கழித்துச் சோதிப்பது ஏன்?