பாப்பா எத்தனை கிலோ?

எங்கள் மருந்துக்கடைக்குக் குழந்தையின் காய்ச்சலுக்கு சிரப் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரவு கடை சாத்தும் நேரத்தில்தான் வருவார்கள். "அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் ஒண்ணு குடுங்க." "பாப்பா எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டால், "ரெண்டு வயசு ஆகப்போகுதுக்கா" என்பார்கள். பார்மசிஸ்ட்டாக நிற்கும் எனக்கு இந்தப் பதில் போதாது. இரண்டு வயதில் 9 கிலோ குழந்தையும் உண்டு, 14 கிலோ குழந்தையும் உண்டு. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போடுகிறார்கள். அதைப் போனில் குறித்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பாராசிட்டமாலுக்குக் கணக்கு எளிது. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தை என்றால் 100 முதல் 150 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது.

ஆபத்து பாட்டிலில்தான் இருக்கிறது. ஒரே மருந்து, ஒரே பெயர், சில சமயம் அட்டைப்பெட்டியின் நிறம்கூட ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸிலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அந்த 10 கிலோ குழந்தைக்கு 120 சிரப்பில் 5 மில்லி சரியான அளவு. 250 சிரப்பில் அதே 5 மில்லி கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். டிராப்ஸில் 5 மில்லி என்பது 500 மில்லிகிராம், பெரியவர்கள் போடும் முழு மாத்திரை. சின்னப் பிள்ளைக்கு என்பதால் டிராப்ஸ் லேசான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் மிக அடர்த்தியானது. "அக்கா பையனுக்கு 5 மில்லி கொடுத்தாங்க, அதையே கொடுத்தேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதைபதைக்கும். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாது.

வீட்டு ஸ்பூனில் ஊற்றாதீர்கள், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோ போதும். சிரப்பை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள்.

சளிக்கு என்று தனியாக ஒரு சிரப் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். சில சளி சிரப்களுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு தெரியாமலே கூடிவிடும். குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதை என்னால் மறக்க முடியவில்லை. 2 வயதுக்குக் கீழ் சளி, இருமல் சிரப் வேண்டவே வேண்டாம்.

ஐப்யூபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் இரண்டும் காய்ச்சலைச் சட்டென்று இறக்கும். அதனாலேயே கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சல் டெங்கு என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். டாக்டர் எழுதித் தராமல் நான் கொடுப்பதில்லை.

அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 101 காட்டினாலும் குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருந்தால் மருந்துக்கு அவசரமில்லை. மருந்து குழந்தையின் அசதிக்கும் வலிக்கும்தான். தூங்கும் பிள்ளையை எழுப்பிப் புகட்ட வேண்டாம். கஞ்சி, தண்ணீர், தாய்ப்பால் என்று அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருங்கள். ஜன்னி வந்துவிடும் என்று பயந்து மருந்தைக் கூட்டுகிறார்கள். மருந்து காய்ச்சல் வலிப்பைத் தடுப்பதில்லை. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சிலரை சிரப் கொடுக்காமலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். 3 மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குதல், துவண்டு கிடத்தல், பாலோ தண்ணீரோ இறங்காமை, சிறுநீர் குறைதல், 3 நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் என்றால் கடையில் நிற்கவே கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியும் தொடர் வாந்தியும் வந்தாலும் அப்படித்தான், டெங்கு மோசமாவது அந்த நேரத்தில்தான். போகும்போது கொடுத்த மருந்தின் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்பார்.