கோடு விழுந்தால் முதலில் கழுத்தைப் பாருங்கள்

அடி அண்ணாமலையில் குடியிருந்துகொண்டு திருவண்ணாமலை டவுனில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறவன் நான். படத்தில் கோடு விழுந்தால், புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் மெஷினைத் திட்டுவார்கள். மெஷின் பாவம். பெரும்பாலும் காரணம் மேசையில் படுத்திருப்பவரின் கழுத்திலோ இடுப்பிலோ இருக்கும்.

எங்கள் பக்கம் உலோகத்துக்குப் பஞ்சமே இல்லை. தாலி, மூக்குத்தி, செப்புத் தாயத்து, வெள்ளி அரைஞாண் கொடி. கிரிவலம் வருகிறவர்கள் என்றால் வெள்ளிப் பூண் போட்ட ருத்ராட்சம். உலோகம் எக்ஸ்ரேயைப் பெருமளவு விழுங்கிவிடுகிறது. அந்தத் திசையில் டிடெக்டருக்குப் போதிய தகவல் போய்ச் சேராததால், கம்ப்யூட்டர் படத்தைக் கட்டும்போது அங்கிருந்து வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் கிளம்பும். தாலியைக் கழற்றச் சொன்னால், "அது மட்டும் முடியாதுப்பா" என்று ஆயாக்கள் எழுந்தே போய்விடுவார்கள். சண்டை வேண்டாம். உலோகம் பெரும்பாலும் தான் இருக்கும் மட்டத்தைத்தான் கெடுக்கும். தலை ஸ்கேனுக்குத் தாலி இருந்துவிட்டுப் போகட்டும். வயிற்றுக்கு என்றால் கழுத்துப் பக்கம் ஏற்றிவிடலாம்; நெஞ்சுக்கு என்றால் முகவாய்க்கு மேல் தூக்கி வைக்கலாம். பூவை எடுத்த பிறகும் கொண்டைக்குள் ஹேர்பின் ஒளிந்திருக்கும். "எல்லாம் கழட்டிட்டேன்" என்பதை நம்பாதீர்கள்.

அடுத்தது அசைவு. 1971ல் லண்டனில், சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தபோது, ஒரு சுற்றுக்கே சில நிமிடம் பிடித்தது. இப்போது ஒரு நொடிக்குள் சுற்றிவிடுகிறது. ஆனாலும் நடுவில் மூச்சு விட்டால் ஈரலின் ஓரம் இரட்டையாகத்தான் தெரியும். மெஷினில் வரும் இங்கிலீஷ் குரலை அணைத்துவிட்டேன். "மூச்சை இழுத்துத் தம் கட்டுங்க" என்று நானே சொல்கிறேன், ஸ்கேனுக்கு முன்பே ஒத்திகையும் பார்த்துவிடுகிறேன். பௌர்ணமிக்கு ஆந்திராக்காரர்கள் நிறைய வருவதால் "ஊபிரி பிகபட்டண்டி"யும் கைவசம் உண்டு. தலையில் அடிபட்டுத் திமிறுகிறவரிடம் எந்த மொழியும் எடுபடாது. நெற்றிப் பட்டை, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச், வேகமான சுற்று. அசைந்த பகுதியை மட்டும் திரும்ப எடுங்கள், முழுத்தலைக்கும் மறுபடி கதிர் வேண்டாம்.

வயிற்று ஸ்கேனில் கை பக்கவாட்டில் கிடந்தால் குறுக்கே பட்டை பட்டையாக விழும். தோள் தூக்க முடியாத பெரியவர்களுக்கு வயிற்றின் மேல் தலையணை வைத்து அதன்மேல் கையை வைக்கச் சொல்வேன்.

டாக்டர்களே ஏமாறும் இடம் பின்மூளை. எக்ஸ்ரேயில் பல ஆற்றல் கலந்திருக்கும். இரண்டு காதுப் பக்க எலும்புகளும் கெட்டி. வலுவில்லாத கதிர்களை அவை வடிகட்டிவிட, வலுத்தவை மட்டும் தப்பி வருகின்றன. அவை எளிதாக ஊடுருவுவதால், நடுவில் இருக்கும் திசுவே அடர்த்தி குறைந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, மூளைத்தண்டின் குறுக்கே கறுப்புப் பட்டை போடும். பக்கவாதம் போலவே இருக்கும். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, மெல்லிய ஸ்லைஸாக எடுத்தால் அது குறையும்.

இடுப்பில் செயற்கை மூட்டு இருந்தால் உலோகக் கீற்றைக் குறைக்கும் சாஃப்ட்வேரைப் போடலாம். அதுவும் சில சமயம் இல்லாத கறுப்பை உண்டாக்கும் என்பதால் சாஃப்ட்வேர் போடாத படத்தையும் சேர்த்தே அனுப்புவேன்.

வளையம் வளையமாகத் தெரிந்தால் மட்டும் மெஷின் பக்கம் திரும்புங்கள். ஒரு டிடெக்டர் மற்றதோடு ஒத்துப்போகாமல் காட்டுகிறது என்று பொருள். காலையில் டியூபை வார்ம்-அப் செய்து ஏர் கேலிப்ரேஷன் போட்டார்களா என்று கேளுங்கள். கேன்ட்ரி ஜன்னலில் கான்ட்ராஸ்ட் மருந்துத் துளி காய்ந்திருந்தாலும் வளையம் வரும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் சர்வீஸ் எஞ்சினியருக்குப் போன் போட வேண்டியதுதான்.